பொதுமையும் போட்டியும்: போர்முலா-ஈ பந்தயக் காரின் மூன்று தலைமுறைகள்

ஒரு நூலின் அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்புநோக்குவது இலக்கிய மாணவர்க்குப் பழகிய வேலை. எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, எது கைபடாது விடப்பட்டது என்று வரிவரியாகப் பார்க்கும்பொழுது பதிப்பாசிரியனின் விருப்புவெறுப்புகள் மட்டுமன்றி, அவன் வாழ்ந்த காலத்தின் தேவைகளும் புலனாகும். இயந்திரங்களையும் இவ்வாறு வாசிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் எடுகோள். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது மின்சாரத்தால் ஓடும் போர்முலா-ஈ பந்தயக் கார். 2014இல் ஓடத் தொடங்கிய இக்காரின் மூன்று தலைமுறைகள் பந்தயத் தெருக்களில் ஓடியுள்ளன. நான்காவது 2025 நவம்பரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இலக்கியம் பயில்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். சமுதாய உறவுகள் கவிதையில் மட்டுந்தான் உறைகின்றன என்று கொள்பவர்களே அவ்வாறு கேட்பர்.

எல்லாக் குழுக்களும் ஒரே கம்பனி ஆக்கிய ஒரே வகைக் காரையே ஓட்ட வேண்டும் என்ற விதியுடைய பந்தயங்கள் மோட்டார் உலகில் பல உண்டு. கருவி சமமாயின் ஆற்றலே வெல்லும் என்பது அவற்றின் பின்னாலுள்ள வாதம். தொடக்கக் கோட்டில் யாவரும் சமம் என்னும் இவ்வாதம் பூர்ஷுவா சமத்துவக் கோட்பாட்டின் மிகத் துல்லியமான உருவகம் எனலாம். ஆயின் அச்சமத்துவம் மெய்யா பொய்யா என்று வாதிடுவதில் அதிக பயனில்லை. காரின் எந்தெந்த உறுப்புகள் எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்பட்டன, எவை போட்டிக்கு விடப்பட்டன, அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் யார், ஒவ்வொரு தலைமுறையிலும் அக்கோடு எங்கே நகர்ந்தது என்பனவே வரலாற்று வினாக்கள்.

சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் இப்பந்தயத் தொடரை 2012இல் அறிவித்தது. அதனை நடத்தும் உரிமையைப் பெற்ற கம்பனியின் தலைவர் ஸ்பானியரான அலெஹாந்த்ரோ அகாக். முதற் பந்தயம் 2014 செப்ரெம்பர் 13ஆம் நாள் பெய்ஜிங் ஒலிம்பிக் பூங்காவைச் சுற்றிய தெருக்களில் நடந்தது. பத்துக் குழுக்கள், இருபது ஓட்டுநர்கள், ஆனால் நாற்பது கார்கள். இந்த எண்கணிதமே முதலாந் தலைமுறையின் முழு வரலாற்றையும் சொல்லிவிடுகின்றது.

அக்காரை ஒன்றுசேர்த்தது பிரான்சிலுள்ள ஸ்பார்க் நிறுவனம். அடிச்சட்டகம் இத்தாலியின் டலாராவினுடையது; மோட்டார் மக்லாறனுடையது; ஐந்து வேகக் கியர்ப்பெட்டி ஹியூலன்ட் செய்தது; பற்றரி வில்லியம்ஸ் செய்தது; இவற்றை ஒருங்கிணைத்தது ரெனோ; ரயர் மிஷெலினுடையது. ஒரே வகைக் கார் என்ற சொல்லுக்குள் இத்தனை கம்பனிகள் அடங்கியிருந்தன. தகுதிகாண் சுற்றில் 200 கிலோவாற்று வலுவும் பந்தயத்தில் 150 கிலோவாற்று வலுவும் அனுமதிக்கப்பட்டன. வலு என்பது ஒரு கணத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. சக்தி என்பது மொத்தமாக எவ்வளவு சேமித்துள்ளது என்பது. வலுவில் இக்காருக்குக் குறைவில்லை. சக்தியில்தான் அது ஏழை. ஏறத்தாழ 320 கிலோகிராம் நிறையுள்ள பற்றரியிலிருந்து எடுக்கக்கூடியது 28 கிலோவாற்று மணி மாத்திரமே. ஏறத்தாழ மூன்று லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி அவ்வளவுதான். ஓட்டுநரும் சேர்ந்து 900 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான காரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பற்றரியாகவே இருந்தும், அதனால் ஒரு பந்தயத்தின் அரைவாசியைத்தான் ஓட முடிந்தது.

எனவே பந்தயத்தின் நடுவில் ஓட்டுநர் காரைத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து குதித்து, அருகில் மின்னேற்றி நிறுத்தப்பட்டிருந்த மற்றொரு காரினுள் ஏறி, பட்டிகளை இறுக்கிக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். எதிர்காலத்தின் வாகனம் என்று விளம்பரஞ் செய்யப்பட்ட ஒரு பண்டம் தனது போதாமையை ஒவ்வொரு பந்தயத்திலும் பல்லாயிரம் பார்வையாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட காட்சி இது. நேர்மையான காட்சியென்றே எனக்குத் தோன்றுகின்றது. பின்வந்த தலைமுறைகளில் அந்நேர்மை இல்லை. பாதுகாப்புக் கருதி இம்மாற்றத்துக்குக் குறைந்தபட்ச நேரமொன்று முதலில் விதிக்கப்பட்டிருந்தது. 2017-18 பருவத்தில் அவ்விதி நீக்கப்பட்டது. கார் மாறவில்லை, பற்றரி மாறவில்லை. ஆனால் பட்டியிறுக்கும் கைகளின் வேகம் கூட்டப்பட்டது. இயந்திரத்தால் பெற முடியாத விநாடிகளை உழைப்பின் செறிவிலிருந்து பெறுவது ஆலைகளில் நாம் அறிந்த விடயந்தான்.

முழுமையான ஒரே வகைக் காராக அது இருந்தது 2014-15 ஆகிய ஒரேயொரு பருவத்தில் மாத்திரமே. அப்பருவத்தின் பதினொரு பந்தயங்களில் ஏழு வெவ்வேறு ஓட்டுநர் வென்றனர். இளைய நெல்சன் பிக்கே 144 புள்ளிகளுடன் முதலிடம் பெற, செபஸ்தியன் புவெமி 143 புள்ளிகளுடன் பின்னின்றார். சமமான கருவியின் பயன் இது என்று கொள்வதில் தவறில்லை. ஆயின் அதே பருவத்தில் பேர்லினில் நிகழ்ந்தது மறுபக்கத்தைக் காட்டுகின்றது. டெம்பெல்ஹோவ் பழைய விமானத்தளத்தில் முதலாவதாக வந்த லூக்காஸ் டி கிராஸி பின்னர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெற்றி ஜெரோம் டம்புறோசியோவுக்குப் போயிற்று. குற்றம் யாதெனின், காரின் முன்சிறகு திருத்தப்பட்டபொழுது உட்புறத்தில் வலுவூட்டப்பட்டிருந்தமை. வேறெந்தத் தொழிற்கூடத்திலும் உடைந்ததை முன்னையினும் உறுதியாக ஒட்டித்தருபவன் நல்ல தொழிலாளி எனப் பாராட்டப்படுவான். இங்கோ அது மோசடி. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் (1867) இயந்திரங்கள் பற்றி எழுதிய அத்தியாயத்தில், கருவியைக் கையாளும் திறன் தொழிலாளியிடமிருந்து இயந்திரத்துக்கு இடம்பெயர்வதை விரித்துரைப்பார். ஒரே வகைக் கார் அதற்கும் ஒருபடி அப்பாற் செல்கின்றது: தொழிலாளியிடம் எஞ்சியுள்ள திறன் பயனற்றதாக்கப்படுவதோடு, சட்டவிரோதமாகவும் ஆக்கப்படுகின்றது.

இரண்டாம் பருவத்தில், அதாவது 2015-16இல், கோடு முதன்முறையாக நகர்ந்தது. மோட்டார், அதற்கு மின்னோட்டத்தை மாற்றியளிக்கும் சாதனம், கியர்ப்பெட்டி ஆகியவற்றை ஆக்குவோர் தாமே வடிவமைக்கலாம் என அனுமதிக்கப்பட்டது. எண்மர் முன்வந்தனர். அடிச்சட்டகமும் பற்றரியும் ரயரும் பொதுவாகவே இருந்தன. அவ்வாண்டு கார்களைப் பார்த்தால், மோட்டார்த் தொழிலின் தொடக்க காலம் நினைவுக்கு வரும். சிலர் இரண்டு மோட்டார்களைப் பூட்டினர், சிலர் ஒன்றை. கியர்களின் எண்ணிக்கையிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு வழி. இரட்டை மோட்டார் பூட்டியவர்கள் நிறையினால் இடருற்றனர். ஒரு மோட்டாரும் இரண்டு கியர்களுமாக வந்த ரெனோ முன்னின்றது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ யாவரும் ஒரு மோட்டார், ஒரு கியர் என்ற விடையிலேயே வந்து நின்றனர். கட்டளையிட்டு ஆக்கப்பட்ட ஒருமையைக் கலைத்துப் போட்டியை அனுமதித்தார்கள். போட்டி பெருஞ்செலவின் பின்னர் மற்றோர் ஒருமையைக் கொண்டுவந்து சேர்த்தது.

இச்செலவைத் தாங்கமுடியாதவர்கள் யார் என்பதும் உடனேயே தெரியவந்தது. முன்னாள் ஓட்டுநர் யார்னோ ட்றுல்லியின் பெயரால் இயங்கிய குழு, தனது புதிய இயக்க அமைப்புடன் தொழினுட்பப் பரிசோதனையைத் தாண்டமுடியாது முதலிரு பந்தயங்களைத் தவறவிட்டு, 2015 டிசம்பரில் தொடரினின்றும் விலகியது. அமெரிக்க அன்றெற்றிக் குழு தான் ஆக்கியதைக் கைவிட்டு, முதலாண்டுப் பொது மோட்டாருக்கே திரும்பியது. ட்றுல்லியின் இடத்தை அடுத்த பருவத்தில் நிரப்பியது ஜகுவார். தனியார் சிறுகுழு போன இடத்தில் டாட்டா குழுமத்துக்குச் சொந்தமான பெருங்கம்பனி. மூலதனம் ஒருமுகப்படுதல் பற்றிப் பாடநூல் எழுதுவோர்க்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

அப்பருவத்தின் முடிவு பற்றி ஒன்று கூறாமற் செல்ல மனமில்லை. 2016 யூலை 3ஆம் நாள் இலண்டன் பற்றர்சீ பூங்காவில் இறுதிப் பந்தயம் தொடங்கியபொழுது புவெமியும் டி கிராஸியும் சமபுள்ளிகளில் நின்றனர். முதற்சுற்றிலேயே இருவர் கார்களும் மோதிச் சேதமுற்றன. இருவரும் தரிப்பிடத்துக்கு வந்து தத்தம் இரண்டாவது கார்களில் ஏறினர். பந்தயம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவர்களோ அதிவிரைவுச் சுற்றுக்கு வழங்கப்படும் இரண்டு புள்ளிகளுக்காக மட்டும் ஓடினர். புவெமி அதனைப் பெற்று 155-153 என்ற கணக்கில் வென்றார். பற்றரியின் இயலாமைக்காகத் தரப்பட்ட இரண்டாவது கார் ஒரு பட்டத்தையே தீர்மானித்தது.

இனிப் பற்றரிக்கு வருவோம். தொடக்கத்திட்டத்தில் அதுவும் காலப்போக்கிற் போட்டிக்குத் திறக்கப்படுவதாகவே இருந்தது. பின்னர் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. மூன்று தலைமுறைகளிலும் பற்றரி பொதுவாகவே இருந்துவந்துள்ளது. இதனை வியப்புடன் நோக்கவேண்டும். மின்கார்த் தொழிலின் உயிர்நாடி பற்றரியே. கார்க் கம்பனிகள் வாங்குவோரிடம் பேசுவது அதன் ஓட்டதூரத்தைப் பற்றியே. பந்தயம் வீதிக்காரின் ஆய்வுகூடம் என்று விளம்பரஞ் செய்யும் ஒரு தொடர், ஆய்வு எங்கே அதிகம் வேண்டப்படுகின்றதோ அங்கே கதவைப் பூட்டிவைப்பது ஏன்? செலவு கட்டுக்கடங்காது போகும் என்பது தரப்பட்ட காரணம். அது பொய்யன்று. ஆயின் அதனோடு மற்றொன்றும் உண்டென்பது என் கருத்து. பற்றரிக் கலங்களை ஆக்கும் ஆற்றல் பெரும்பாலும் கிழக்காசிய ஆலைகளிடம் இருந்தது; ஐரோப்பியக் கார்க் கம்பனிகள் அவற்றை வாங்குவோர். பற்றரி திறக்கப்பட்டிருப்பின் வெற்றி கலம் விற்றவனுடையதாயிருக்கும். கம்பனிகள் தாம் வெல்லக்கூடிய களத்தைப் போட்டியென்றும், தமக்குப் பிறர் சொல்லித்தரவேண்டிய களத்தைப் பொதுமையென்றும் வகுத்துக்கொண்டன.

இரண்டாந் தலைமுறைக் கார் 2018-19 பருவத்தில் வந்தது. மக்லாறன் தொழினுட்பப் பிரிவு அமெரிக்க அற்றீவா கம்பனியுடன் சேர்ந்து ஆக்கிய பற்றரி 52 கிலோவாற்று மணி தந்தது. நிறை 385 கிலோகிராம் அளவு. சக்தி ஏறத்தாழ இருமடங்காக, நிறையோ ஐந்திலொரு பங்கு மட்டும் கூடியிருந்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்று நாம் பொதுப்படக் கூறுவதற்கு இது தெளிவான சான்று. இதிற் குறைகாண்பதற்கு எதுவுமில்லை. உச்ச வலு 250 கிலோவாற்றாகவும் பந்தய வலு 200 கிலோவாற்றாகவும் உயர்ந்தன. ஓட்டுநர் தலைக்குமேல் பாதுகாப்பு வளையம் வந்தது. பின்சக்கரங்களில், மிதியடிக்கும் பிறேக்குக்கும் இடையில் மின்கட்டுப்பாடு புகுந்து, மோட்டார் எவ்வளவு தடுக்கும், பிறேக்குத் தட்டு எவ்வளவு தடுக்கும் எனப் பங்கிடத் தொடங்கியது. கார் மாறும் காட்சி ஒழிந்தது. ஒரே கார் 45 நிமிடமும் ஒரு சுற்றும் ஓடியது.

பந்தயத்தின் நடுவில் ஒரு நிகழ்ச்சி வேண்டுமே. அதற்காக ‘தாக்குதல் நிலை’ என்ற ஏற்பாடு வந்தது: ஓட்டுநர் வழக்கமான தடத்தை விட்டு விலகி, குறித்த இடத்தின்மீது ஓடினால் சிறிது நேரத்துக்குக் கூடுதல் வலு கிடைக்கும். முதலாந் தலைமுறையில் பற்றரி என்ற பௌதிக உண்மை பந்தயத்துக்கு வடிவம் தந்தது. இரண்டாந் தலைமுறையில் அவ்வடிவத்தை விதிநூல் தந்தது. பார்வையாளர் வாக்களித்துத் தம் விருப்பத்துக்குரிய ஓட்டுநருக்கு மேலதிக வலு வழங்கும் முறையோ முதலாண்டிலிருந்தே இருந்தது. அதனை மக்கள் பங்கேற்பு என்றனர். 2022 வரை அது நீடித்தது.

புதிய காரின் முதற் பந்தயம் 2018 டிசம்பர் 15ஆம் நாள் சவூதி அரேபியாவின் திரியாவில் நடந்தது. எண்ணெயிலிருந்து விடுதலை என்ற கொடியுடன் வந்த வாகனம் எண்ணெய்ப் பணத்தின் விருந்தினராக ஓடியது. இதிலுள்ள முரண் வெளிப்படையானது; விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாந் தலைமுறை மறைக்க முயன்றதை வலென்சியா வெளிக்கொணர்ந்தது. பாதுகாப்புக் கார் முன்செல்லும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கிலோவாற்று மணி வீதம் அனுமதிக்கப்பட்ட சக்தியிலிருந்து கழிக்கப்படும் என்ற விதி 2019-20 பருவத்திலிருந்து நடைமுறையிலிருந்தது. 2021 ஏப்ரில் 24ஆம் நாள் மழையில் நடந்த பந்தயத்திற் பாதுகாப்புக் கார் பலமுறை வந்தது. சக்தி மீண்டும் மீண்டும் கழிக்கப்பட்டது. கடைசியாகப் பந்தயம் விடுவிக்கப்பட்டபொழுது முன்னின்ற அன்ரோனியோ பெலிக்ஸ் ட கொஸ்ரா 45 நிமிடம் முடிவதற்குச் சில விநாடிகள் முன்பே கோட்டைக் கடந்ததால், எதிர்பாராத மேலதிகச் சுற்றொன்று ஓடவேண்டியதாயிற்று. அச்சுற்றில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்தி தீர்ந்து தளர்ந்தன. வென்றவர் மேர்சிடஸின் நிக் டி வ்ரீஸ். பற்றரிகளில் மின்சாரம் அறவே இல்லாமற் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விதி அனுமதித்த சக்தியே தீர்ந்தது. இயற்கை விதித்த பற்றாக்குறை போய், கணக்குப்புத்தகம் விதித்த பற்றாக்குறை வந்திருந்தது.

கம்பனிகள் அதற்கு முன்னரே வெளியேறத் தொடங்கிவிட்டன. அவுடியும் பி.எம்.டபிள்யூ.வும் 2020 இறுதியில் தம் முடிவை அறிவித்து 2021 பருவத்துடன் விலகின. மேர்சிடஸ் 2021இல் அறிவித்து 2022இல் விலகியது. இத்தொடரிலிருந்து தன் வீதிக்கார்களுக்குப் பெறக்கூடிய தொழினுட்பத்தைப் பெரும்பாலும் பெற்றாயிற்று என்பது பி.எம்.டபிள்யூ. தந்த விளக்கம். ஒரு மோட்டார், ஒரு கியர் என்ற விடையில் யாவரும் வந்து நின்றபின் போட்டிக்கு எஞ்சியது சிறிதளவே. பற்றரி பூட்டியிருந்தது. எனவே அவ்விளக்கம் தன்னளவில் உண்மை. அக்கதவைப் பூட்டுவதிற் கம்பனிகளின் நலனும் இருந்தது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

மூன்றாந் தலைமுறை 2023 ஜனவரி 14ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் முதன்முதல் ஓடியது. தொழினுட்ப நோக்கில் மூன்றனுள் மிகத் துணிவானது இதுவே. முந்தியதைவிடக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும், ஓட்டுநருடன் 840 கிலோகிராம் என்ற இலக்குடன் அது வடிவமைக்கப்பட்டது. உச்ச வலு 350 கிலோவாற்று. பந்தய வலு 300. ஆனால் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி 38.5 கிலோவாற்று மணி மட்டுமே. முன்னைய தலைமுறையினும் குறைந்த சக்தியுடன் கூடிய வலுவை எங்ஙனம் தாங்குவது? முன்னச்சிலும் ஒரு மோட்டார் பொருத்தப்பட்டது. அது காரை முன்தள்ளுவதற்கன்று. வேகத்தைக் குறைக்கும்போது மின்னாக்கியாகச் செயற்பட்டுச் சக்தியை மீட்பதற்கு. முன்னால் 250, பின்னால் 350, ஆக 600 கிலோவாற்று வரை மீட்கலாம். ஒரு பந்தயத்திற் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 40 வீதம் இவ்வாறு ஓட்டத்தின்போதே பெறப்படுவது என அமைப்பாளர் கூறினர். இதன் விளைவாகப் பின்சக்கரங்களின் திரவப் பிறேக்கு முற்றாக நீக்கப்பட்டது. பின்சக்கரங்களைத் தடுப்பது மோட்டாரே. அதாவது அதனை ஆளும் மென்பொருளே. பரிசோதனை ஓட்டங்களில் எழுந்த அச்சத்தினால், பருவத்தின் தொடக்கத்தில் அவசரகாலப் பிறேக்கு அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்ட உறுப்பு வேறு பெயரில் மீண்டது.

கோடு இங்கே மீண்டும் நகர்ந்திருப்பதைக் காண்க. அடிச்சட்டகம், பற்றரி, முன்மோட்டார், ரயர் யாவும் பொது. பின்மோட்டாரும் அதன் இணைப்புகளும் திறந்தவை எனினும் அவற்றில் வேறுபாடு மிகச் சிறிது. மெய்யான போட்டி கண்ணுக்குத் தெரியாத மென்பொருளில் நடந்தது. பேர்லினில் முன்சிறகை ஒட்டிய கை குற்றக்கை. ஆனால் எந்த வளைவில் எத்துணை சக்தியை மீட்பது என்று கணித்தெழுதும் கை விலைமதிப்பற்றது. இரண்டும் உழைப்பே. ஒன்று பொதுமையின் பெயரால் தடுக்கப்பட்டது, மற்றது போட்டியின் பெயரால் வாங்கப்பட்டது.

இக்காரின் உடலில் இரண்டாந் தலைமுறைக் கார்களிலிருந்து மீட்கப்பட்ட காபன் நாரும் சணல்வகை நாரும் கலக்கப்பட்டன. ஹன்கூக் ரயர்களில் இயற்கை றப்பரும் மீள்சுழற்சி நாரும் சேர்ந்து 26 வீதம். இவை யாவும் விரிவாக விளம்பரப்படுத்தப்பட்டன. பற்றரியின் வரலாறு அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. உலகில் அகழப்படும் கோபோல்ற்றிற் பாதிக்கும் மேற்பட்டது கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருவது. அங்கே கையால் தோண்டுவோரிற் சிறுவரும் உளர் என்பது பல்லாண்டுகளாக ஆவணப்படுத்தப்பட்டது. ஒரு குறித்த பந்தயக் கலத்தின் கனிமம் எச்சுரங்கத்தினது என்று யாமறியோம்; மின்கார்த் தொழில் முழுவதும் நிற்கும் நிலம் அது என்பதை அறிவோம். 2023 ஒக்ரோபரில் வலென்சியாவிற் பருவத்துக்கு முந்திய பரிசோதனையின்போது, தொழிற்கூடத்தினுள் ஒரு பற்றரி தீப்பற்றி, ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஓட்டுநரின் ஆபத்தைக் காட்டும் ஒளிப்படக் கருவிகள் தொழிற்கூடத்தினுள் நிற்பதில்லை.

நமக்கு அண்மையில் இத்தொடர் ஒருமுறை வந்தது. 2023 பெப்ரவரி 11இல் ஐதராபாத்தில் உசைன்சாகர் ஏரிக்கரைத் தெருக்களில் கார்கள் ஓடின. 2024இல் மீண்டும் நடக்கவிருந்த பந்தயம், தெலுங்கானாவில் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. முதலாம் பருவத்தில் இந்தியாவின் மகிந்திரா குழுவுக்காக ஓட்டியவர்களுள் சென்னையிற் பிறந்த கருண் சந்தோக்கும் ஒருவர்.

மூன்றாந் தலைமுறையின் திருத்திய வடிவம் 2024 டிசம்பர் 7இல் சாவோ பவுலோவில் ஓடத் தொடங்கியது. முன்மோட்டார் இப்போது தொடக்கத்திலும் தாக்குதல் நிலையிலும் தகுதிகாண் இறுதிப் போட்டிகளிலும் காரை இழுக்கவும் அனுமதிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் ஜெத்தாவில், நெடுநாள் தாமதமான மற்றொன்றும் நடைமுறைக்கு வந்தது. பந்தயத்தின் நடுவில் கார் தரிப்பிடத்துக்கு வரும். 600 கிலோவாற்று வலுவில் முப்பது விநாடி மின்னேற்றப்படும். அதனாற் கிடைப்பது 3.85 கிலோவாற்று மணி, அதாவது பந்தயச் சக்தியிற் பத்திலொன்று. 2014இல் ஓட்டுநர் குதித்திறங்கிய அதே இடத்தில் இப்போது கார் நிற்கின்றது. ஓட்டுநர் இருக்கையிலேயே கட்டுண்டு காத்திருக்கின்றார். தொழிலாளர் கம்பிவடத்தைச் செருகி, மின் ஏறும் அந்த முப்பது விநாடியும் அசையாது நிற்கின்றனர்.